கப்பல் எங்கே இருக்கிறது?



இந்தப் பாடம் ஒரு கடற்படைத் தலைவரைப் பற்றியது. கடற்படைத் தலைவரை அட்மிரல் என்று சொல்வார்கள். இவர் இங்கிலாந்து நாட்டுக்காரர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தவர். பெயர் கிளவுட்ஸ்லி ஷவல். வாயில் எளிதில் நுழையாத பெயர். கிளவுட்ஸ்லி என்பது அவருடைய பாட்டி வீட்டுக் குடும்பப் பெயர். நாம் ஷவல் என்றே சொல்லிக்கொள்வோம்.

"எங்கேயோ இருந்த வெள்ளைக்காரர் கதை நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஷவல் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்புதான் ஆங்கில வியாபாரிகள் சென்னையில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அவர்கள் கடலைத் தாண்டி வந்தவர்கள். கப்பல் பலத்தால்தான் பிறகு நம்மை ஆண்டார்கள். அவர்கள் எப்படிக் கப்பல் ஓட்டினார்கள்? எதில் தடுமாறினார்கள்? தெரிந்துகொள்வது நல்லதுதானே!

தார்ப்பாய் அதிகாரி

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் நார்ஃபோக் என்ற பகுதி இருக்கிறது. அங்கே காக்தார்ப் என்பது ஒரு சின்ன ஊர். 1650ஆம் ஆண்டு ஷவல் அங்கே பிறந்தார். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். செருப்புத் தைப்பவரிடம் எடுபிடியாக இருந்த பையன்தான் அட்மிரல் ஆனான் என்று சில பழைய புத்தகங்களில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. அவர் குடும்பத்துக்கு ஓரளவு நிலம் இருந்தது. பெரிய பணக்காரர்களும் இல்லை, ஏழைகளும் இல்லை.

அந்த வட்டாரத்தில் இருந்து போன இரண்டு பேர் கடற்படையில் அதிகாரிகளாக இருந்தார்கள். ஒருவர் கிறிஸ்டோபர் மிங்ஸ். இன்னொருவர் ஜான் நார்பரோ. ஷவலுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது மிங்ஸ் அவரைக் கப்பலில் சேர்த்துக்கொண்டார். என்ன வேலை? தலைவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது, துணி எடுத்து வைப்பது, சொன்ன இடத்துக்கு ஓடுவது. 1666இல் டச்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் மிங்ஸ் காயம்பட்டு இறந்தார். அதன் பிறகு ஷவலுக்கு நார்பரோதான் குரு. அவரோடு தென் அமெரிக்காவின் தென்கோடி வரை போய் வந்தார்.

அந்தக் காலத்து ஆங்கிலக் கடற்படையில் இரண்டு விதமான அதிகாரிகள் இருந்தார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் ஒரு விதம். அரசருக்கு வேண்டியவர்கள் என்பதால் பதவி கிடைத்தவர்கள். கடலையே பார்க்காதவர்கள்கூட அவர்களில் உண்டு. இன்னொரு விதம், சிறு வயது முதல் கப்பலில் கிடந்து வேலை கற்றவர்கள். அவர்களைத் 'தார்ப்பாய்' என்று கேலியாகக் கூப்பிட்டார்கள். நாம் லாரிக்கு மேல் போடுகிறோமே, அதே தார்ப்பாய்தான். தார் பூசிய துணி. மழைக்கும் அலைக்கும் தாங்கும். மாலுமிகள் அந்தத் துணியில் உடை போட்டுக்கொள்வார்கள். அதனால் அந்தப் பெயர்.

ஷவல் ஒரு தார்ப்பாய். கயிறு இழுப்பதில் இருந்து நட்சத்திரம் பார்ப்பது வரை எல்லாம் தெரிந்தவர்.

ஒரு இரவு வேலை

வட ஆப்பிரிக்காவில் டிரிப்போலி என்ற துறைமுகம் இருக்கிறது. இப்போது அது லிபியா நாட்டின் தலைநகர். அந்த ஊர்க் கப்பல்கள் ஐரோப்பிய வணிகக் கப்பல்களைப் பிடித்தன. ஆட்களை அடிமைகளாக விற்றன. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டுகளில் ஆங்கிலக் கப்பல்களும் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துப்போய் அடிமைகளாக விற்றன. அதற்காக யாரும் இங்கிலாந்தின் துறைமுகத்தைக் கொளுத்தவில்லை.

டிரிப்போலி ஆட்சியாளரிடம் பேசிப் பார்க்க நார்பரோ ஷவலை அனுப்பினார். ஷவலுக்கு அப்போது இருபத்தைந்து வயது. "இந்தச் சின்னப் பையனா பேச வந்தான்?" என்று அந்த ஆட்சியாளர் மதிக்கவே இல்லை. ஷவல் கோபத்தைக் காட்டவில்லை. போகும்போதும் வரும்போதும் துறைமுகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, காவல் எங்கே இருக்கிறது, படகு எந்த வழியாக நுழையலாம் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

1676 ஜனவரி மாதம். ஒரு நாள் இரவு. ஷவல் படகுகளோடு சத்தம் இல்லாமல் துறைமுகத்துக்குள் போனார். அங்கே நின்ற நான்கு போர்க்கப்பல்களுக்குத் தீ வைத்தார். தம் ஆட்களில் ஒருவரையும் இழக்காமல் திரும்பி வந்தார்.

அதன் பிறகு வேகமாக மேலே போனார். 1677இல் ஒரு கப்பலுக்குத் தலைவர். 1689இல் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்டு 'சர்' பட்டம் பெற்றார். 1690இல் அட்மிரல் வரிசையில் இடம். 1692இல் பார்ஃப்லூர் என்ற இடத்தில் பெரிய கடல் போர் நடந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் வரிசையாக நின்றன. அந்த வரிசையை முதலில் பிளந்துகொண்டு போனவர் ஷவல். 1704இல் ஜிப்ரால்டரைப் பிடித்த படையிலும் இருந்தார். மறு ஆண்டு முழுப் படைக்கும் தலைவர் ஆனார். இடையில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

அவருடைய குரு நார்பரோ 1688இல் இறந்துபோனார். 1691இல் குருவின் மனைவி எலிசபெத்தை ஷவல் திருமணம் செய்துகொண்டார். எலிசபெத்துக்கு முதல் கணவர் மூலம் ஜான், ஜேம்ஸ் என்று இரண்டு ஆண் பிள்ளைகள். அவர்கள் ஷவல் வீட்டில் வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சும் ஈயக் குண்டும்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். ஒரு விஷயம் புரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும்.

நிலத்தில் போகும்போது வழி தெரியாவிட்டால் ஒருவரைக் கேட்கலாம். ஊர்ப் பலகையைப் படிக்கலாம். நடுக்கடலில் யாரைக் கேட்பது? எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். அப்போது செயற்கைக்கோள் இல்லை, ரேடியோ இல்லை. பிறகு எப்படிக் கப்பல் ஓட்டினார்கள்?

எந்தத் திசை என்று திசைகாட்டி சொல்லும். அதன் முள் வடக்கே காட்டும். எவ்வளவு வேகம்? அதற்கு ஒரு கட்டையும் கயிறும் போதும். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் போட்டிருப்பார்கள். கட்டையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். கட்டை தண்ணீரில் நின்றுகொள்ளும். கப்பல் முன்னே போகும். கயிறு ஓடும். அரை நிமிட மணல் கடிகாரத்தில் மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியது என்று எண்ணுவார்கள். முடிச்சுக்கு ஆங்கிலத்தில் 'நாட்' என்று பெயர். இன்றைக்கும் கப்பல் வேகத்தை நாட் கணக்கில்தான் சொல்கிறார்கள். வானொலியில் புயல் செய்தி கேட்கும்போது கவனியுங்கள். காற்றின் வேகத்தையும் சில நேரம் அப்படிச் சொல்வார்கள்.

எவ்வளவு ஆழம்? கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்குவார்கள். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். நம் மீனவர்களும் பாகக் கணக்கில்தான் கடல் ஆழம் சொல்வார்கள். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி வைப்பார்கள். கடல் அடியில் இருக்கும் மணலும் சிப்பியும் அதில் ஒட்டி வரும். அதைப் பார்த்து, "இது இன்ன கரைக்குப் பக்கம்" என்று அனுபவம் உள்ளவர் சொல்வார்.

அடுத்தது இடம். பூமிப் பந்தின் மேல் ஒரு இடத்தைச் சொல்ல இரண்டு அளவுகள் வேண்டும். வடக்கு தெற்காக எவ்வளவு என்பது ஒன்று. அது அட்சரேகை. கிழக்கு மேற்காக எவ்வளவு என்பது இன்னொன்று. அது தீர்க்கரேகை.

அட்சரேகையைக் கண்டுபிடிக்க வானம் உதவும். துருவ நட்சத்திரம் கன்னியாகுமரியில் அடிவானத்துக்குப் பக்கத்தில் தாழ்வாகத் தெரியும். காஷ்மீரில் அதே நட்சத்திரம் உயரமாகத் தெரியும். அந்த உயரத்தை அளந்தால் வடக்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். பகலில் உச்சி வெயில் நேரத்துச் சூரியனை வைத்தும் அளக்கலாம். மேகம் மூடிவிட்டால் இரண்டும் முடியாது.

தீர்க்கரேகைதான் பெரிய தொல்லை. அதற்கு நேரம் தெரிய வேண்டும். எப்படி என்று பாருங்கள். அருணாசலப் பிரதேசத்தில் சூரியன் உதித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தின் மேற்குக் கோடியில் உதிக்கும். பூமி ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. ஒரு சுற்று என்பது 360 டிகிரி. 360ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள். 15 வரும். ஒரு மணி நேர வித்தியாசம் என்றால் 15 டிகிரி தூரம்.

புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வருகிறது. அங்கே மணி 12. கடிகாரத்திலோ மணி 2. அப்படியானால் கப்பல் 30 டிகிரி மேற்கே வந்திருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் ஷவல் காலத்தில் அப்படிப்பட்ட கடிகாரம் இல்லை. இருந்த கடிகாரங்கள் கப்பல் ஆடும்போது தப்பு நேரம் காட்டின. வெயிலில் மெதுவாக ஓடின, குளிரில் வேகமாக ஓடின. அதனால் வேகம், திசை, நாள் மூன்றையும் வைத்து மாலுமிகள் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டார்கள். இன்று ஒரு சின்னத் தவறு, நாளை ஒரு சின்னத் தவறு. மூன்று வாரத்தில் அது பெரிய தவறாகிவிடும்.

1707 அக்டோபர் 22

1707ஆம் ஆண்டு கோடையில் பிரான்ஸ் நாட்டின் தூலோன் துறைமுகத்தைப் பிடிக்க ஒரு முயற்சி நடந்தது. ஷவல் கடல் பக்கம் இருந்தார். தரைப்படையால் ஊரைப் பிடிக்க முடியவில்லை. குளிர்காலம் வருவதற்குள் ஊர் திரும்ப முடிவானது. செப்டம்பர் 29ஆம் தேதி 21 கப்பல்கள் ஜிப்ரால்டரில் இருந்து புறப்பட்டன. ஷவல் இருந்த கப்பலின் பெயர் அசோசியேஷன். 90 பீரங்கி உள்ள கப்பல். அதே கப்பலில் ஜானும் ஜேம்ஸும் இருந்தார்கள்.

வழி முழுவதும் மோசமான காற்று. மழை. மேகம். சூரியன் தெரிந்த நாள் குறைவு.

அக்டோபர் 22ஆம் தேதி ஈயக் குண்டைப் போட்டுப் பார்த்தார்கள். 90 பாகம் ஆழம் காட்டியது. கரை நெருங்குகிறது என்று தெரிந்தது. எந்தக் கரை? பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இருக்கும் ஆங்கிலக் கால்வாயின் வாயில் இருக்கிறோம், முன்னால் திறந்த கடல்தான் என்று பெரும்பாலான கப்பல்காரர்களின் கணக்கு சொன்னது. உண்மையில் அவர்கள் இன்னும் வடக்கே இருந்தார்கள். முன்னால் இருந்தவை சில்லித் தீவுகள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் கிடக்கும் தீவுகள் அவை. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான பாறைகள். பாதிப் பாறைகள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும்.

அன்று பகலிலேயே மூன்று கப்பல்களைத் தனியாக வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கப்பல்கள் நேராகச் சில்லிப் பாறைகளுக்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டன. ஒன்று அடிபட்டு மணலில் ஏறி நின்றது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று அந்த மூன்று கப்பல்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. பின்னால் வந்த படைக்கு அதைச் சொல்ல வழி இல்லை.

மாலையில் ஷவல் பாய் விரிக்கச் சொன்னார். பின்னால் இருந்து நல்ல காற்று அடித்தது. ஊர் பக்கம் வந்துவிட்டது என்ற நம்பிக்கை.

இரவு எட்டு மணி. அசோசியேஷன் பாறையில் மோதியது. மற்றக் கப்பலில் இருந்தவர்கள் அபாயப் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டார்கள். சில நிமிடங்களில் அதன் விளக்குகள் மறைந்தன. கப்பல் மூழ்கிவிட்டது. அதில் ஏறக்குறைய 800 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஈகிள் என்ற கப்பலும் போனது. அதிலும் எல்லாரும் இறந்தார்கள். ராம்னி என்ற கப்பலில் ஒரே ஒருவர் பிழைத்தார். ஃபயர்பிராண்ட் என்ற சிறிய கப்பலும் மூழ்கியது. அதில் சிலர் கரை சேர்ந்தார்கள். செயின்ட் ஜார்ஜ் என்ற கப்பல் அதே பாறையில் தட்டியது. ஆனால் ஒரு அலை அதைத் தூக்கி வெளியே விட்டது. பிழைத்துக்கொண்டது.

அந்த ஒரு இரவில் இறந்தவர்கள் 1400 பேருக்குக் குறையாது. 2000 பேர் என்று சொல்பவர்களும் உண்டு. அட்மிரலின் பெயர் நமக்குத் தெரிகிறது. பாய் கட்டியவர்கள், சமைத்தவர்கள், பீரங்கிக்கு மருந்து தூக்கிய சிறுவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் உடல்கள் தீவுக் கரைகளில் ஒதுங்கின. தீவுக்காரர்கள் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

ஷவலின் உடல் செயின்ட் மேரி என்ற தீவில் ஒதுங்கியது. முதலில் கடற்கரை மணலில் புதைத்தார்கள். பிறகு தோண்டி எடுத்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய மனிதர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் டிசம்பர் மாதம் அடக்கம் செய்தார்கள். ஆன் ராணி செலவில் பளிங்குச் சிலை வைத்தார்கள். அந்தச் சிலையில் அவர் பழைய ரோமாபுரி வீரரைப் போல உடை போட்டு, தலையில் பெரிய பொய்முடியோடு சாய்ந்து படுத்திருக்கிறார். கடலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த தார்ப்பாய் மனிதருக்கு இது பொருத்தமா என்று அந்தக் காலத்திலேயே ஒரு எழுத்தாளர் கேலி செய்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

யார் வந்து சொன்னது?

எலிசபெத் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே இரவில் இழந்தார்.

இப்படி ஒரு துயரம் நடந்தால் கதைகள் முளைக்கும். சில்லித் தீவில் பிறந்த ஒரு மாலுமி, "ஐயா, பாறை வருகிறது" என்று ஷவலிடம் எச்சரித்தானாம். "எனக்கே சொல்கிறாயா?" என்று ஷவல் அவனைத் தூக்கில் போட்டாராம். இன்றைக்கும் பலர் இதைச் சொல்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கப்பலில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அப்படியானால் உள்ளே நடந்ததை யார் வந்து சொன்னது? இந்தக் கதை எழுத்தில் வந்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான்.

இன்னொரு கதை. ஷவல் உயிரோடுதான் கரை சேர்ந்தாராம். ஒரு பெண் அவர் கையில் இருந்த மரகத மோதிரத்துக்காக அவரைக் கொன்றாளாம். சாகும்போது பாதிரியாரிடம் அதைச் சொன்னாளாம். மோதிரம் காணாமல் போனது உண்மை. மற்றது நிரூபிக்கப்படவில்லை.

தச்சர் மகனின் கடிகாரம்

கடலில் இடம் தெரியாமல் கப்பல் போவது புதிது இல்லை. ஆனால் ஊர் வாசலுக்கே வந்து ஒரு படைத் தலைவர் இத்தனை பேரோடு செத்தது மக்களை உலுக்கியது. 1714இல் வணிகர்களும் கப்பல் தலைவர்களும் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஒரு சட்டம் வந்தது. தீர்க்கரேகையைச் சரியாகக் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று அந்தச் சட்டம் சொன்னது. அன்றைக்கு அது மலைக்க வைக்கும் பணம்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் நிலாவையும் நட்சத்திரங்களையும் வைத்து வழி தேடினார்கள். அந்த வழியும் பிறகு பயன்பட்டது. ஆனால் ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் வேறு பக்கம் போனார். ஒழுங்கான பள்ளிப் படிப்பு இல்லாதவர். மரத்தில் கடிகாரம் செய்யத் தொடங்கியவர். கப்பல் ஆட்டத்துக்கும் வெயிலுக்கும் குளிருக்கும் மாறாத கடிகாரம் செய்ய நாற்பது ஆண்டுகள் செலவிட்டார். 1761இல் அவருடைய நான்காவது கடிகாரத்தை அவர் மகன் ஜமைக்காவுக்குக் கப்பலில் கொண்டுபோனார். 81 நாள் பயணத்தில் ஐந்து நொடிதான் பிசகியது. அப்படியும் பரிசுக் குழுவினர் பணத்தை இழுத்தடித்தார்கள். கடைசிப் பணம் கைக்கு வந்தது 1773இல். அப்போது அவருக்கு 80 வயது.

ஆனால் ஷவலின் சாவுக்குத் தீர்க்கரேகை மட்டும்தான் காரணமா?

இங்கே நம் நாட்டோடு தொடர்புள்ள ஒருவர் வருகிறார். ஜேம்ஸ் ரென்னல் என்பவர் வங்காளத்தின் ஆறுகளையும் நிலங்களையும் அளந்து வரைபடம் வரைந்தவர். ஊர் திரும்பிய பிறகு கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேர்த்துப் படித்தார். சில்லித் தீவுகளுக்கு மேற்கே ஒரு நீரோட்டம் இருக்கிறது, அது கப்பல்களை வடக்கே தள்ளுகிறது என்று 1793இல் எடுத்துச் சொன்னார். கப்பலில் நிற்பவருக்கு அந்த ஓட்டம் தெரியாது. நேராகப் போவதாகத்தான் நினைப்பார்.

அதற்கும் பிறகு, 1960 வாக்கில், ஒரு ஆராய்ச்சியாளர் ஷவலின் படையில் தப்பி வந்த கப்பல்களின் குறிப்பேடுகளை எடுத்து உட்கார்ந்தார். ஏறக்குறைய நாற்பது குறிப்பேடுகள். ஒவ்வொரு நாளும் காற்று என்ன, வேகம் என்ன, கப்பல் எங்கே இருக்கிறது என்று அதிகாரிகள் கையால் எழுதி வைத்தவை. எல்லாரும் ஒன்றாகப் போன கப்பல்கள்தான். ஆனால் ஆளுக்கு ஒரு இடத்தை எழுதியிருந்தார்கள். கிழக்கு மேற்குக் கணக்கு மட்டும் அல்ல, எளிது என்று நினைத்த வடக்கு தெற்குக் கணக்கும் பலருக்குத் தவறி இருந்தது. திசைகாட்டிகள் பல பழுதாகி இருந்தன. வரைபடங்களிலேயே சில்லித் தீவுகள் தவறான இடத்தில் இருந்தன. கையில் வைத்திருந்த படமே தப்பு என்றால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன செய்வது?

அசோசியேஷன் கப்பலின் உடைந்த பாகங்களை 1967இல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். பீரங்கிகளும் காசுகளும் கிடைத்தன. தப்பிய கப்பல்களின் குறிப்பேடுகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கடைசிப் பயணத்தில் அசோசியேஷனில் எழுதிய குறிப்பேடு மட்டும் இல்லை. அது கப்பலோடு போய்விட்டது.